தாழொலிபெருக்கிப் பெட்டி

தாழொலிபெருக்கிப் பெட்டி என்பது ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்சு வரையிலான தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஒலிபெருக்கி (சப்வூபர்) பொருத்தப்படும் பெட்டி ஆகும். ஒலிபெருக்கியின் அதிர்தட்டு முன்னோக்கி நகரும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. பெட்டி இல்லையெனில் தாழ் அதிர்வெண்களில் இவ்விரு அலைகளும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். பின்னலையை என்ன செய்வது என்பதைக் கொண்டே பெட்டிகள் வகைப்படுத்தப்படுகின்றன.

வகைகள்

மூடிய பெட்டி பின்னலையை உள்ளேயே அடைத்து வைக்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருள்வில் போலச் செயற்படுகிறது. அமெரிக்கரான எட்கார் வில்சர் 1954இல் வெளிக்கொணர்ந்த ஏஆர்-1 இவ்வகையைப் பரவலாக்கியது. ஒத்ததிர்வுக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 12 டெசிபெல் மட்டுமே குறைவதால் ஒலி சீராக இறங்குகிறது. ஆனால் அரங்கு நிரம்பும் அளவு ஒலி வேண்டுமெனில் பல பெட்டிகள் தேவைப்படும்.

துளைப்பெட்டியில் ஒரு குழாயோ பிளவோ இருக்கும். வாய் குறுகிய பானையின் மேல் ஊதினால் எழும் ஒலியைப் போல, குழாயிலுள்ள காற்று குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து பின்னலையையும் பயனுள்ள ஒலியாக்குகிறது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராசு 1932இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் ஆத்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்டு சுமால் 1970களிலும் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பின்னரே இதனைக் கணக்கிட்டு வடிவமைப்பது எளிதாயிற்று. இன்று விற்கப்படும் அரங்குப் பெட்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. ஒத்ததிர்வுக்குக் கீழே ஒலி 24 டெசிபெல் வீதம் சரிகிறது. அங்கே அதிர்தட்டைத் தாங்கும் காற்றழுத்தமும் இல்லாமற் போவதால் அது கட்டின்றி ஆடிச் சேதமடையலாம். எனவே மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிப்பான் கட்டாயம் வேண்டும். நம்மூர்ப் பெட்டிகள் பல வீணாவதற்கு இதனை விட்டுவிடுவதே காரணம் என்று தோன்றுகிறது.

கூம்புப் பெட்டி மிகுந்த திறன் உடையது. கோயில் திருவிழா மைக் செட்டின் கூம்பு ஒலிபெருக்கி சிறிய மின்திறனில் ஊர் முழுதும் கேட்பது இத்தத்துவத்தாலேயே. ஆனால் அக்கூம்பு சிறியது என்பதால் சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழே அதனால் ஒலிக்க இயலாது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்சில் அதிர்கிறது. அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் கூடுதல். கூம்பின் நீளம் குறைந்தது அதில் கால் பங்கேனும் இருக்கவேண்டும். வாய்ச்சுற்றளவோ திறந்தவெளியில் ஏறத்தாழ ஓர் அலைநீளம் வேண்டும். ஆகவேதான் கூம்பை மடித்துச் செய்து, பல பெட்டிகளைத் தரையிலோ மூலையிலோ அடுக்குகின்றனர். நியூயார்க்கின் பாரடைசு கராச்சு ஆடலரங்கில் (1987இல் மூடப்பட்டது) ரிச்சர்டு லாங் அமைத்த கூம்புகள் பெரும்புகழ் பெற்றவை. ஆனால் அவ்விடம் முன்பு வாகன நிறுத்தகமாக இருந்த பெரிய கட்டடம்.

சிற்றரங்குக்கான தேர்வு

சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழொலி, உயர் திறன் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒருசேரப் பெறலாம். இது ஆப்மனின் இரும்பு விதி எனப்படும்.

தமிழகச் சிற்றூர்களில் தனி ஆடலரங்குகள் அரிது. திருமண மண்டபமோ விடுதிக் கூடமோ அப்பணியைச் செய்கிறது. நூறு பேர் ஆடும் கூடத்தில் ஓரிரு கூம்புப் பெட்டிகளை மட்டும் வைத்தால், வாய் சிறிதாகி 50 ஹெர்ட்சுக்குக் கீழே எதிர்பார்த்த பயன் கிட்டாது, இடமும் வீணாகும். 35 முதல் 40 ஹெர்ட்சுக்கு இசைவிக்கப்பட்ட 18 அங்குலத் துளைப்பெட்டிகள் இரண்டு அல்லது நான்கே இத்தகைய இடத்துக்குப் பொருத்தமானவை. மேடையின் இருபுறமும் பிரித்து வைக்கும் வழக்கம் கண்ணுக்கு அழகாயினும், இரு ஒலிகளும் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் அழிந்தும் போகும். ஒரே இடத்தில் சுவரோரம் குவித்து வைத்தால் இக்குறை பெரிதும் நீங்குவதோடு சுவராலும் ஒலி வலுப்பெறும்.

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால் வரும் போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. ஆயினும் இதனால் ஒலி சிறிதளவே குறையும். பெட்டியின் இசைவு அதிர்வெண் ஒலியின் வேகத்தையும் பெட்டி, குழாய் அளவுகளையும் சார்ந்ததால் அடர்த்தியால் மாறாது. மலைச்சரிவில் கவலைக்குரியது ஈரப்பதமே. மரத்தூள் அழுத்தப்பலகை ஈரத்தில் ஊதிப் பிளந்துவிடும். ஈரம் தாங்கும் பசையிட்ட ஒட்டுப்பலகையே ஏற்றது.

சட்டமும் அண்டை வீடும்

ஒலி மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல் (ஏ) ஆகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. இந்த 'ஏ' அளவீடு காதின் உணர்திறனைப் பின்பற்றித் தாழொலியைக் குறைத்தே காட்டுகிறது. 50 ஹெர்ட்சில் ஏறத்தாழ 30 டெசிபெல் கழிக்கப்படுகிறது. அண்டை வீட்டுப் படுக்கையறையில் 75 டெசிபெல் அளவில் அதிரும் 50 ஹெர்ட்சு ஒலியை அளவி 45 என்றே காட்டும். ஏட்டில் வரம்பு மீறப்படவில்லை. வீட்டில் உள்ளவர்களோ தூங்க முடியாது.

சுவரின் எடை இருமடங்கானால் ஒலித்தடுப்பு சுமார் 6 டெசிபெல் கூடும். அதிர்வெண் பாதியானால் அதே அளவு குறையும். தகரக் கூரை தாழொலியை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. அத்தகைய கட்டடத்தில் எப்பெட்டியைத் தேர்ந்தாலும் 40 ஹெர்ட்சுக்குக் கீழ் உள்ளதை வடிப்பானால் வெட்டிவிடுவதும், பெட்டிகளை ஆடுவோருக்கு மிக அருகில் வைத்து மொத்த ஒலியளவைக் குறைப்பதும் நடைமுறையில் கைக்கொள்ளப்படும் வழிகள்.