மோடல் துணைவினைகள்

ஆங்கிலத்தில் கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட் ஆகிய 9 சொற்களும் மோடல் துணைவினைகள். எழுவாய் எதுவானாலும் இவை வடிவம் மாறாது. அடுத்து வரும் வினையும் வெறும் வடிவில்தான் நிற்கும். 'ஷீ கேன் ஸ்விம்' சரி, 'ஷீ கேன் ஸ்விம்ஸ்' பிழை.

நடந்துகொண்டிருப்பதை ஊகிக்க, மோடலை அடுத்து 'பி'யும் 'இங்' வடிவமும் வரும்: 'ஷீ மே பி ஸ்லீப்பிங்'. செயப்பாட்டுவினையில் 'பி'யோடு மூன்றாம் வடிவம்: 'இட் கேன் பி டன்'.

சிக்கலெல்லாம், மோடலை அடுத்து 'ஹேவ்'வும் மூன்றாம் வடிவமும் வரும் இறந்தகாலத்தில்தான். 'ஹீ மஸ்ட் ஹேவ் லெஃப்ட்' என்றால் அவர் கிளம்பியிருப்பார் என்ற ஊகம். கிளம்ப வேண்டிய கட்டாயத்தைச் சொல்ல 'ஹேட் டு லீவ்' வேண்டும். 'ஷுட் ஹேவ் கான்' என்பதிலோ போகாமல் விட்ட குறை தொனிக்கும்.

இந்த 'ஹேவ்' பேச்சில் தேய்ந்து 'ஆஃப்' போல ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஷுட் ஆஃப்' என்று எழுதிவிடுவதுண்டு. இலக்கணப்படி அது பிழை.