கூடிப் பயின்ற சிந்தாமணி

தம்மம்பட்டி முதலிய ஊர்ப் பொதுநூலகங்களில் கூடித் தொல்லிலக்கியம் பயில விழையும் வாசகர்க்குச் சேலம் இராமசாமி முதலியாரை வழிகாட்டியாக யாம் கருதுகின்றோம். 1880-இல் கும்பகோணத்து முன்சீபாயிருந்த அவர், கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரிடம், சீவக சிந்தாமணி பயின்றதுண்டோ என வினவினார். ஐயர் பயின்றிலர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்க்கே அந்நூல் எட்டாதிருந்தது! முதலியார் கையெழுத்துப்படி தந்தார். இருவரும் உடனிருந்து படித்தனர். நச்சினார்க்கினியர் உரை துணைநின்றும் சமணக் கோட்பாடுகள் தெளிவுறவில்லை. அவ்வூர்ச் சமணரோ அக்காப்பியத்தை இல்லங்களில் கூடிப் படித்துப் பொருளுரைத்து வந்தனர். சைவராகிய ஐயர் ஆங்குச் சென்று, ஐயமெல்லாம் கேட்டறிந்தார். 1887-இல் வெளிவந்த பதிப்பைத் தனியொருவர் முயற்சியாகவே போற்றுதல் வழக்கம். அதனுள் அக்கேள்விச் செல்வமும் அடங்குமென்பது எம் துணிபு. முதலியார் 1885-இல் இந்தியர் சார்பில் இங்கிலாந்து சென்ற தூதர் மூவருள் ஒருவர். தமிழுலகம் அவரை நினைப்பது அவ்வொரு வினாவால்.