மலையை வெட்டியவர் யார்?
கண்டிக் கல்லூரிகளின் விளையாட்டு வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

சென்ற ஆண்டு எமது பாடசாலை மாணவர் சிலரை அஸ்கிரிய மைதானத்தைக் காண்பதற்கு அழைத்துச் சென்றிருந்தேன். கண்டி நகரை அடுத்த மலைச்சரிவைக் குடைந்து, தட்டுப்போலச் சமப்படுத்தி அமைக்கப்பட்ட மைதானம் அது. "இங்கேதான் முரளிதரன் உலக சாதனையை நிலைநாட்டினார்" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து எம்மிடம் படிக்க வரும் மாணவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: "இந்த மலைய வெட்டுனது யாரு சேர்?"

மைதானம் 1915இல் திறக்கப்பட்டது என்று சொன்னேன். அதனை ஆக்குவித்த அதிபரின் பெயரையும் சொன்னேன். அவன் கேட்டதோ வேறு. அவனுடைய வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

கல்லூரிகள் தம் வீரரைக் கௌரவிப்பது நல்ல மரபு. ட்ரினிற்றி எனப் பலரும் வழங்கும் கண்டித் திரித்துவக் கல்லூரி தன் தலைசிறந்த விளையாட்டு வீரருக்குச் 'சிங்கம்' என்னும் விருதினை அளித்து வருகின்றது. வேறு கல்லூரிகள் வர்ண விருதுகளை வழங்குகின்றன. பொன்னெழுத்துப் பலகைகளில் அணித்தலைவர் பெயர்களைப் பொறிக்கின்றன. உழைத்து உயர்ந்தவனை ஊரார் முன் நிறுத்திப் பாராட்டுவதில் குறை காண்பதற்கு எதுவுமில்லை. ஆயின், பலகையில் பெயர் ஏறுவதற்கு முன்னர் ஒருவன் மைதானத்தில் ஏற வேண்டும். மைதானத்தில் ஏறும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கேளாத விளையாட்டு வரலாறு பாதி வரலாறேயாகும்.

இக்கல்லூரி 1872இல் ஆங்கிலத் திருச்சபையின் மிஷன் சங்கத்தாரால் நிறுவப்பட்டது. 1904 முதல் 1924 வரை அதிபராக விளங்கிய ஏ. ஜி. பிரேசர் அதனை நாடறிந்த நிறுவனமாக்கினார். சிங்களத்தையும் தமிழையும் கல்லூரிப் பாடங்களாக்கிய அவருடைய துணிவை நாம் மறத்தலாகாது. அதே வேளையில், அக்காலத்து ஆங்கிலேயக் கல்விமான்களுக்கு விளையாட்டு வெறும் தேகப்பயிற்சியாக இருக்கவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படியவும், கட்டளை பிறப்பிக்கவும், தோல்வியை முகம் சுளிக்காமல் ஏற்கவும் பழக்குகின்ற பள்ளியாகவே அவர்கள் மைதானத்தைக் கண்டனர். ஏகாதிபத்தியத்தின் நிர்வாகத்துக்கு அத்தகைய இளைஞர் தேவைப்பட்டனர். இங்கிலாந்தின் தனவந்தர் பள்ளிகளில் விளைந்த றக்பியும் கிரிக்கெட்டும் கண்டி மலைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

வந்த விளையாட்டு வந்தவர் கையிலேயே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான எல். ஈ. பிளேஸ் 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கினார். சுதேசி ஒருவர் தம் முயற்சியால் எழுப்பிய கல்லூரி அது. இவ்விரு கல்லூரிகளும் 1906இல் போகம்பரை மைதானத்தில் மோதியதே இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதலாவது றக்பி ஆட்டம். 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆண்டுதோறும் ஆடும் ஆட்டம் கண்டியின் திருவிழாக்களில் ஒன்றாகிவிட்டது. துரைமாரின் விளையாட்டு நகரத்து மக்களின் விளையாட்டாயிற்று.

நகரத்தைத் தாண்டி மலையில் ஏறினால் நிலைமை வேறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பிருந்தே, கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளர் லயங்களில் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு வாய்த்த தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவிலேயே இருந்தது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். வேலைக்குப் பெயர் பதியும் நாள் வரை பிள்ளைகள் துள்ளி விளையாடுவதற்கு இருந்தது பிரட்டுக்களம். விடிந்தால் அதே களத்தில் தாயும் தந்தையும் வரிசையில் நின்று அன்றைய வேலைக்கு எண்ணப்படுவர்.

இங்கே ஓர் ஆண்டினை நினைவுகூர விரும்புகிறேன். 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டு இலண்டனில் முதன்முதலாக ஒலிம்பிக் போட்டியிற் கலந்துகொண்டது. ஜூலை 31ஆந் திகதி, 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில், திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான டங்கன் வைட் 51.8 செக்கனில் ஓடி இரண்டாம் இடம் பெற்றார். அமெரிக்கரான றோய் கொக்ரன் மட்டுமே அவருக்கு முன்னால் ஓடினார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்தைச் சுசந்திகா ஜயசிங்க சிட்னியிலிருந்து கொண்டு வருவதற்கு 2000ஆம் ஆண்டுவரை நாடு காத்திருக்க நேர்ந்தது.

வைட் பதக்கம் வென்று மூன்று வாரம் நிறைவதற்குள், ஆகஸ்ட் 20ஆந் திகதி, இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமை மசோதாவை நிறைவேற்றியது. ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆயினர். உலக அரங்கில் நாட்டின் பெயர் ஒலித்த அதே ஆண்டில், அந்நாட்டின் செல்வத்தை விளைத்தவர்கள் அந்நாட்டுக்கு அந்நியர் என்று எழுதப்பட்டனர். இதில் வைட்டின் குற்றம் எதுவுமில்லை. அவருடைய வெள்ளிப் பதக்கத்தின் ஒளி இதனால் மங்கப்போவதுமில்லை. ஆயினும் தேசம் என்பது யாரைத் தன்னவர் என்று கொண்டாடுகிறது, யாரைக் கணக்கிலிருந்து நீக்குகிறது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் அருகருகே நின்று காட்டுகின்றன. அந்த அநீதியின் மிச்சம் சட்டத்தால் நீங்குவதற்கு 2003 வரை சென்றது.

இனி முரளிதரனைப் பற்றி. அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பாட்டனார் பின்னர் இந்தியாவுக்குத் திரும்பினார். தந்தையார் கண்டியிலேயே தங்கி இனிப்புப் பண்டத் தொழில் நடத்தினார். 1977 வன்முறையில் தந்தையார் தாக்கப்பட்டார், தொழிற்கூடம் எரிக்கப்பட்டது. அக்குடும்பத்துச் சிறுவன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தான். மிதவேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்தவனைப் பதினான்காம் வயதில் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர் கல்லூரியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990-91 பருவத்தில் அவன் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினான். 1992இல் டெஸ்ட் அணியிற் சேர்ந்தான். 2010இல் ஓய்வு பெறும்போது அவனுடைய கணக்கு 800. உலகில் வேறெவரும் அவ்வெண்ணை எட்டியதில்லை.

2007 டிசம்பர் 3ஆந் திகதி, இங்கிலாந்து அணியின் கொலிங்வூட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் 708 என்ற எல்லையை அவர் கடந்த இடம் அஸ்கிரிய. இங்கிலாந்தின் பள்ளி மரபினை இங்கே நாட்டுவதற்காக மலையை வெட்டி ஆக்கிய மைதானம். அதில் தோட்டத் தொழிலாளியின் பேரன் இங்கிலாந்து வீரனை வீழ்த்தி உலகின் உச்சியில் ஏறினான். முரளிதரனின் அரசியல் நிலைப்பாடுகள் தமிழரிடையே கடுங்கண்டனத்துக்கு உள்ளாயின. அக்கண்டனத்தில் நியாயம் உண்டென்றே நானும் கருதுகிறேன். எனினும் அன்றைய காட்சியின் வரலாற்றுப் பொருள் தனியொருவரின் கருத்துகளைக் காட்டிலும் பெரியது.

அவர் தோட்டத்து லயத்திலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தவர் அல்லர் என்பதையும் கவனித்தல் வேண்டும். தந்தைக்குத் தொழில் இருந்தது. மகனுக்கு நகரத்துக் கல்லூரி கிடைத்தது. கல்லூரியில் மைதானம் இருந்தது. மைதானத்தில் சுனில் பெர்னாண்டோ இருந்தார். இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும் அந்த மணிக்கட்டின் வித்தையை உலகம் அறிந்திராது. அவ்வாறு ஒன்றோ, எல்லாமோ தவறிப்போன கைகள் எத்தனை கொழுந்துக் கூடைகளைச் சுமந்து ஓய்ந்தன!

பயிற்றுநரைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்லாமல் விடுதல் தகாது. குமார் சங்கக்கார 2011இல் இலண்டன் லோட்ஸில் ஆற்றிய சொற்பொழிவில் தம் பயிற்றுநர் டி. எச். டி சில்வாவை நினைவுகூர்ந்தார். மாணவருக்குக் கிரிக்கெட்டும் டெனிஸும் காசு வாங்காமல் கற்பித்தவர் அவர். கிளர்ச்சிக்காலத்தில் டெனிஸ் மைதானத்திலேயே ஆயுததாரிகள் அவரைச் சுட்டனர். தலையில் வைத்த துப்பாக்கி இயங்காமற் போனமையால் உயிர் தப்பினார். அதே சொற்பொழிவில் சங்கக்கார 1983 ஜூலையையும் கூறினார். கண்டியில் அவருடைய தந்தையார் தமிழ் நண்பர்களுக்குத் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். எரிகின்ற ஊரில் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்த மனிதர், அங்கே வளர்ந்த சிறுவனுக்கு எந்தப் பயிற்றுநரும் கற்பிக்க இயலாத பாடத்தைக் கற்பித்தார். ஆதரவாளர் என்ற சொல்லுக்கு மைதான ஓரத்தில் நின்று கொடி அசைப்பவர் என்று மட்டும் பொருள் கொள்ளுதல் போதாது.

கௌரவம் என்பது கணக்குத் தீர்த்தல். வென்றவனுக்குப் பதக்கம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஊதியம் கருதாது கற்பித்தவர், புல் வெட்டியவர், கோடு கீறியவர், தம் வயிற்றைச் சுருக்கிப் பிள்ளைக்கு முட்டையும் பாலும் கொடுத்த தாய், யாவருக்கும் அதில் பங்குண்டு. யாவரினும் முன்னதாக, மண்வெட்டியால் மலையைத் தட்டையாக்கியவர்களுக்கு உண்டு.

எமது பாடசாலையிற் பொன்னெழுத்துப் பலகை இல்லை. ஒரு தடித்த கொப்பியை வாங்கி, விளையாட்டுப் பதிவேடு என்று பெயரிட்டோம். வினாவெழுப்பிய மாணவனிடமே எழுதும் பொறுப்பைக் கொடுத்தேன். வீரர் பெயரோடு பயிற்றுவித்தவர் பெயரும், மைதானத்தைச் செப்பனிட்டவர் பெயரும் அதில் இடம்பெறுகின்றன. இது சிறிய காரியமே. எழுதினால் மட்டும் போதாது என்பதும் தெரியும். மலைகளையெல்லாம் வெட்டிப் பாதையும் தோட்டமும் ஆக்கிக் கொடுத்த மக்களின் பிள்ளைகளுக்கு, பாடசாலைதோறும் ஒரு சமதரை வேண்டும். அதைக் கேட்பதும், கிடைக்கும்வரை கேட்பதும் ஆசிரியராகிய எம்முடைய கடமை. அந்த மாணவனின் வினாவுக்கு நாம் அளிக்கக்கூடிய நேர்மையான விடை அதுவே.