தேன்பெட்டியும் பூசணிப்பூவும் - ஒரு சின்ன வரலாறு

மாசி பாதி தாண்டிட்டா குமரி மாவட்டத்துல விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் தேன் சீசன். வெயில் இன்னும் முழுசா ஏறியிருக்காது. வீட்டுக்குப் பின்னால பாகல் பந்தல், வெண்டை, நாலு மூடு மரச்சீனி, வேலியோரம் படர்ந்த பூசணி, அதுக்கு நடுவுல கால் நட்டு நிக்கிற மூணு நாலு தேன்பெட்டி. மார்த்தாண்டத்தைச் சுத்தி பத்து வீட்டுக்குப் போனா ரெண்டு வீட்டுலயாவது இந்தக் காட்சியைப் பார்க்கலாம். எங்க வீட்டுலயும் அம்மா வச்சிருந்தாங்க.

வெளியூர் நண்பர்கள் பார்த்தா "ஓ, பாரம்பரியமா செய்றீங்களா?"ன்னு கேப்பாங்க. தேன் பாரம்பரியம்தான். ஆனா அந்தப் பெட்டி? அது அமெரிக்காவுல பொறந்து, திருச்சியில அளவெடுத்துத் தைச்சு, மார்த்தாண்டத்துக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

பெட்டி வர்றதுக்கு முன்னாடி தேன் எடுக்கிறதுன்னா கூட்டை அழிக்கிறதுதான். மரப்பொந்துல புகை போட்டு, அடையை அறுத்து, புழுவும் முட்டையும் சேர்த்துப் பிழியணும். உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கதைதான். கூடையிலயோ பானையிலயோ வளர்த்தாலும் அடை சுவரோட ஒட்டியிருக்கும். வெட்டாம வெளியே வராது.

1851-ல ஃபிலடெல்ஃபியாவுல லாரென்சோ லாங்ஸ்ட்ராத்னு ஒரு பாதிரியார் இதுக்கு விடை கண்டுபிடிச்சார். அடிக்கடி மன அழுத்தத்துல விழுந்து எழுந்த மனுஷன். தேனீ வளர்ப்புதான் அவருக்கு ஆறுதல். அவர் கவனிச்சது ரொம்ப சின்ன விஷயம். ரெண்டு பரப்புக்கு நடுவுல சுமார் 9 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் தாராளமா நுழையுற அளவு இடம் விட்டா, தேனீ அதைத் தன்னோட நடைபாதைன்னு விட்டுடும். இடம் குறைஞ்சா பிசின் வச்சு அடைச்சிடும். கூடிப்போனா அங்கேயும் அடை கட்டிடும். அந்த இடைவெளி விட்டு மரச்சட்டங்களைத் தொங்கவிட்டா, ஒவ்வொரு சட்டத்தையும் புத்தகத்துல பக்கம் புரட்டுற மாதிரி எடுத்துப் பார்க்கலாம். 1852-ல காப்புரிமை வாங்கினார். ஆனா ஊரே காப்பியடிச்சது, அவருக்குப் பெருசா காசு தேறலை. (நம்ம பதிவைத் திருடி மெயில்ல அனுப்புறாங்களே, அதே கதைதான் :-) )

1865-ல ஆஸ்திரிய ராணுவத்துல இருந்த ஃப்ரான்ஸ் ஹ்ருஷ்கா இன்னொரு விஷயத்தைக் கொண்டு வந்தார். தேன் நிறைஞ்ச சட்டத்தை டிரம்முக்குள்ள வச்சு சுத்தினா தேன் மட்டும் தெறிச்சு வெளியே வரும், அடை அப்படியே இருக்கும். காலி அடையைத் திருப்பிக் கொடுத்தா தேனீக்கு மெழுகு கட்டுற வேலை மிச்சம். இன்னைக்கும் எங்க ஊர்ல சுத்துற தகர டிரம் அதோட வாரிசுதான்.

இந்தப் பெட்டி இந்தியாவுக்கு 1880கள்லயே வங்காளத்துக்கும் பஞ்சாபுக்கும் வந்துச்சு. ஆனா வேர் பிடிக்கலை. லாங்ஸ்ட்ராத் பெட்டி ஐரோப்பியத் தேனீக்குச் செஞ்சது. நம்ம தேனீ உருவத்துலயும் சின்னது, குடும்பமும் சின்னது. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டு கட்டு அரண்மனை எதுக்கு? கோபம் வந்தா கூட்டையே விட்டுட்டுப் பறந்துடுற குணம் வேற.

இங்கதான் திருச்சி வருது. 1910கள்ல அங்க இருந்த நியூட்டன்கிற சேசு சபைப் பாதிரியார், நம்ம தேனீயோட அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியை வடிவமைச்சு, கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். கீழ்க்கட்டுல ஏழு சட்டம், குஞ்சு வளர்க்க. மேல்கட்டுல தேன். நம்ம வேலை மேல்கட்டோட முடிஞ்சுது, கீழே கை வைக்கக் கூடாது. இன்னைக்கும் "நியூட்டன் பெட்டி"ன்னே பேரு.

அடுத்தது மார்த்தாண்டம். அப்போ இது திருவிதாங்கூர் சமஸ்தானம் (நாங்க தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல). 1920கள்ல ஒய்.எம்.சி.ஏ. இங்க ஒரு கிராம முன்னேற்ற மையம் தொடங்குச்சு. நடத்தினவர் ஸ்பென்சர் ஹாட்ச்ங்கிற அமெரிக்கர். நிலமில்லாதவனும் செய்யக்கூடிய தொழிலா அவங்க பார்த்தது கோழி, நெசவு, பிறகு தேனீ. தேனீக்கு ஏக்கர் கணக்குல நிலம் வேண்டாம். பெட்டி வைக்க ஒரு முழம் இடம் போதும், மேய்ச்சல் அடுத்தவன் தோட்டத்துல. அதான் இது பண்ணைத் தொழிலா வளராம வீட்டுத் தோட்டத் தொழிலா வளர்ந்துச்சு.

இப்போ ஒரு ரகசியம். எங்க ஊர் தேன்ல பெரும்பங்கு பூவுல இருந்து வர்றதில்லை! ரப்பர் மரம் மார்கழி, தை வாக்குல இலை உதிர்த்து, மாசி, பங்குனியில துளிர்க்கும். ரப்பர் இலை மூணு மூணா இருக்கும். அந்த மூணும் காம்புல சேர்ற இடத்துல இருக்கிற சுரப்பிகள்ல இருந்து தேன் கசியும். தேனீ அதைத்தான் அள்ளிட்டு வரும். ஆனா பூ இல்லைன்னா மகரந்தமும் இல்லை. தேன் அரிசின்னா மகரந்தம்தான் பருப்பு. அது இல்லாம குஞ்சு வளராது. அந்தப் பருப்பு வர்றது தென்னம்பாளையில இருந்தும், வீட்டுக்குப் பின்னால இருக்கிற காய்கறிப் பூவுல இருந்தும்தான். "ரப்பர் நமக்கு, பூசணி அதுக்கு மக்களே"ன்னு அம்மா சொல்லுவாங்க. மொத்தப் பொருளாதாரமும் அந்த நாலு வார்த்தையில அடங்கிடும்.

தேனீயும் சும்மா வாங்கிட்டுப் போறதில்லை. பூசணி, பாகல், வெள்ளரிக்கெல்லாம் ஆண்பூ வேற, பெண்பூ வேற. பூசணிப்பூ விடியக்காலம் விரிஞ்சு வெயில் ஏறும்போது சுருண்டுடும். அந்த மூணு நாலு மணி நேரத்துக்குள்ள யாராவது மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கணும், இல்லைன்னா பிஞ்சு வெம்பி விழுந்துடும். (புடலையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும். புடலைக்கு ராத்திரி விட்டில்பூச்சிதான் துணை.)

எல்லாம் நல்லாப் போயிட்டிருந்தப்போ வந்தது 1991. தாய்லாந்துல 1976-லயே பார்த்த ஒரு வைரஸ், தாய் சாக்புரூட்னு பேரு, தென்னிந்தியாவுக்கு வந்துச்சு. புழு கூட்டுப்புழுவா மாறுறதுக்கு முன்னாடியே நீர் கட்டின பை மாதிரி ஆகிச் செத்துடும். மருந்து கிடையாது. கேரளத்துல 100 கூட்டுக்கு 90-க்கு மேல அழிஞ்சது. குமரியும் தப்பலை. எங்க வீட்டுல இருந்த ஆறு பெட்டியும் காலி. ரெண்டுல கோழி முட்டையிட்டுது. அந்தக் கோடையில பூசணி காய்ச்சது ரொம்பக் குறைவு. விடியக்காலம் அம்மா ஆண்பூவைப் பறிச்சு பெண்பூ மேல தேய்ச்சுக்கிட்டு நின்னாங்க.

இத்தாலியத் தேனீ வாங்கிக்கலாம்னு சிலர் சொன்னாங்க. 1960கள்லயே பஞ்சாப் பக்கம் வேர்விட்ட இனம் அது. நிறையத் தேன் தரும், ஆனா நிறையப் பூவும் கேக்கும். ரெண்டு சென்ட் தோட்டத்துல கட்டுப்படியாகாது.

அப்புறம் எப்படி மீண்டுச்சு? சில கூடுகள் நோயைத் தாங்கி நின்னுச்சு. வளர்த்தவங்க அதுல இருந்து பிரிச்சுப் பெருக்கினாங்க. எங்க வீட்டுக்குத் திரும்பி வந்த முதல் கூடு, பக்கத்துப் புரையிடத்துல இருந்த கிழட்டுப் பலாமரப் பொந்துல இருந்து எடுத்தது. யாரும் வளர்க்காத, யாரும் மருந்து கொடுக்காத கூடு.

எனக்கு முக்கியமாப் படுறது இதுதான். லாங்ஸ்ட்ராத், நியூட்டன், ஹாட்ச் மூணு பேரும் நமக்குக் கொடுத்தது வீடு மட்டும்தான். குடியிருக்க வர்றவங்க பொந்துல இருந்துதான் வரணும். ஆடு மாடு மாதிரி தேனீயை நாம முழுசாப் பழக்கவே இல்லை. இப்போ வீட்டுத் தோட்டம் கார் ஷெட்டா மாறுது. கிழட்டு மரம்னா முதல்ல அறுவை மில்லுக்குப் போகுது. ரப்பர் மட்டும் இருந்தா அரிசி இருக்கும், பருப்பு இருக்காது. அடுத்த நோய் வந்தா விதைக்கூடு எங்க இருந்து எடுக்கிறது?

தேன்பெட்டி வாங்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல ரெண்டு பூசணி விதை போடுங்க. மருந்து அடிச்சே ஆகணும்னா பூ சுருண்ட பிறகு சாயங்காலம் அடிங்க. பொந்து விழுந்த மரம் இருந்தா விட்டு வைங்க.

உங்க ஊர்ப்பக்கம் 91, 92-ல பெட்டி காலியான கதை யாருக்காவது ஞாபகம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா, திரும்ப எங்க இருந்து கூடு எடுத்தீங்கன்னு.