முகச்சருமப் பராமரிப்பில் மின்னோட்டம்

முகச்சருமப் பராமரிப்பில் மின்னோட்டம் என்பது முகத்தைத் தூய்மை செய்தல், தேவையற்ற முடியை நீக்குதல், தசைகளுக்கு இயக்கம் தருதல், மருந்துப் பொருள்களைத் தோலுக்குள் செலுத்துதல் ஆகியவற்றுக்காக அழகு நிலையங்களில் மின்சாரத்தைப் பயன்படுத்தும் முறைகளைக் குறிக்கும். கால்வானிக், ஃபாரடிக், உயர் அதிர்வெண், மைக்ரோ கரண்ட், ரேடியோ அலைவரிசை எனப் பல பெயர்களில் இவை வழங்குகின்றன. இவற்றில் எதுவும் அழகு நிலையத்தில் பிறந்ததல்ல. இயற்பியல் ஆய்வுக்கூடத்திலோ மருத்துவமனையிலோ தோன்றி, பின்னர் ஒப்பனைத் துறைக்கு வந்தவையே அனைத்தும். அவ்வாறு வரும்போது கருவி விரைவாகவும், அதன் பயனும் தீங்கும் பற்றிய தெளிவு தாமதமாகவும் வந்து சேர்ந்தன. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த இடைவெளியின் வரலாறாகும்.

தோற்றம்

இத்தாலியின் பொலோனா நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை 1780களில் ஆராய்ந்து, தம் முடிவுகளை 1791இல் வெளியிட்டார். விலங்கின் உடலிலேயே மின்சாரம் உள்ளது என்பது அவர் கருத்து. இதை மறுத்த அலெசாண்ட்ரோ வோல்ட்டா, இருவேறு உலோகங்களின் சேர்க்கையே மின்சாரத்துக்குக் காரணம் என்று வாதிட்டு, 1800இல் முதல் மின்கலஅடுக்கை உருவாக்கினார். ஒரே திசையில் இடைவிடாது பாயும் மின்னோட்டம் இதனால் முதன்முறையாகக் கிடைத்தது. கலத்தை உருவாக்கியவர் வோல்ட்டாவாக இருப்பினும், மருத்துவத்திலும் அழகுக்கலையிலும் இந்த நேர்மின்னோட்டம் இன்றுவரை கால்வானியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

கால்வானியின் மருமகனான ஜியோவானி ஆல்டினி, 1803 ஜனவரியில் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவரின் உடலில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். தாடை நடுங்கியது, முகத்தசைகள் சுருங்கின, ஒரு கண் திறந்தது. முகத்தின் அசைவுகளை மின்சாரத்தால் வெளியிலிருந்து உண்டாக்க முடியும் என்பதைப் பொதுமக்கள் கண்ட நிகழ்வு இது.

1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். அதன் அடிப்படையில் அமைந்த தூண்டுசுருள்கள், விட்டுவிட்டுத் துடிக்கும் மின்னோட்டத்தைத் தந்தன. தசையைச் சுருக்குவதற்கு நேர்மின்னோட்டத்தைவிட இது ஏற்றதாக இருந்தது. இதுவே ஃபாரடிக் மின்னோட்டம் எனப்பட்டது.

துஷேனும் முகத்தசைகளும்

முகத்தையும் மின்சாரத்தையும் முறையாக இணைத்து ஆராய்ந்தவர் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன் த பூலோஞ் (1806–1875). ஈரமாக்கிய இரு மின்வாய்களைத் தோல்மீது வைத்து, ஒரு தசையை மட்டும் தனியே சுருங்கச் செய்யும் முறையை அவர் வகுத்தார். அவருடைய சோதனைகளில் அதிகம் இடம்பெற்றவர் முகத்தில் உணர்வு குன்றிய ஒரு முதியவர். வலி தெரியாததால் அவரிடம் நீண்ட நேரம் சோதனை செய்ய முடிந்தது. ஒவ்வொரு முகபாவமும் ஒளிப்படமாகப் பதிவு செய்யப்பட்டு, 1862இல் நூலாக வெளிவந்தது. சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் இப்படங்களில் சிலவற்றைப் பயன்படுத்தினார். உதட்டோரம் மட்டுமின்றிக் கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து சுருங்கும் உண்மையான புன்னகைக்கு இன்றும் துஷேன் புன்னகை என்றே பெயர்.

முகத்தின் கோடுகளும் மடிப்புகளும் தசைச் சுருக்கத்தால் உண்டாகின்றன என்பதை இந்த ஒளிப்படங்கள் தெளிவாகக் காட்டின. பிற்காலத்தில், தசையைச் சுருக்கும் அதே மின்னோட்டம் சுருக்கங்களைப் போக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. இந்த முரண் கவனிக்கத்தக்கது.

ஊசியும் மின்பகுப்பும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷல், உள்நோக்கி வளர்ந்து கருவிழியை உரசும் இமைமுடிகளை மின்சாரத்தால் நிலையாக நீக்கும் முறையை 1875இல் வெளியிட்டார். எதிர்மின்வாயுடன் இணைத்த நுண்ணிய ஊசியை மயிர்க்காலில் செருகி நேர்மின்னோட்டம் பாய்ச்சுவதே அம்முறை. திசுவில் உள்ள உப்புநீர் மின்பகுப்புக்கு உள்ளாகி, ஊசிமுனையில் சோடியம் ஐதராக்சைடு எனும் காரம் உண்டாகிறது. அந்தக் காரமே முடியின் வேரை அழிக்கிறது. பார்வையைக் காக்க வந்த இம்முறை, சில ஆண்டுகளிலேயே பெண்களின் முகமுடியை நீக்கப் பயன்பட்டது.

அழகு நிலையங்களில் இன்றும் செய்யப்படும் கால்வானிக் தூய்மையாக்கலுக்கும் இதே வேதிவினைதான் அடிப்படை. வாடிக்கையாளர் நேர்மின்வாயைக் கையில் பிடித்துக்கொள்ள, முகத்தில் எதிர்மின்வாய் நகர்த்தப்படுகிறது. ஊசிமுனையில் குவியும்போது மயிர்க்காலை அழிக்கும் காரம், அகன்ற மின்வாயின் பரப்பில் பரவும்போது தோலின் எண்ணெய்ப் பசையைச் சோப்பாக்கி இளக்கும் அளவுக்கு மட்டுமே உண்டாகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் அழிக்கவும் மற்றோரிடத்தில் தூய்மை செய்யவும் காரணம், ஒரு புள்ளியில் குவியும் மின்னோட்டத்தின் அளவே. மின்வாயின் பஞ்சு காய்ந்துவிட்டாலோ உலோகம் நேரடியாகத் தோலில் பட்டாலோ இந்த அளவு மிகுந்து தோல் வெந்துபோகிறது.

லெதுக்கின் முயல்கள்

மின்சாரத்தால் பொருள்களைத் தோலுக்குள் செலுத்த முடியுமா என்பது 19ஆம் நூற்றாண்டு முழுவதும் விவாதிக்கப்பட்ட கேள்வி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் நாந்த் நகரைச் சேர்ந்த ஸ்தெஃபான் லெதுக் அதற்கு விடையளித்தார். அவர் இரு முயல்களை ஒரே மின்சுற்றில் இணைத்தார். ஒன்றின் தோலில் நேர்மின்வாயின் கீழ் ஸ்ட்ரிக்னின் கரைசலும், மற்றதன் தோலில் எதிர்மின்வாயின் கீழ் பொட்டாசியம் சயனைடு கரைசலும் வைக்கப்பட்டன. மின்னோட்டம் பாய்ந்ததும் முதல் முயல் வலிப்பு வந்தும், இரண்டாவது சயனைடு நஞ்சாலும் இறந்தன. மின்வாய்களின் திசையை மாற்றிச் செய்தபோது முயல்களுக்கு எதுவும் நேரவில்லை. நேர்மின்னூட்டம் கொண்ட அயனியை நேர்மின்வாயும், எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியை எதிர்மின்வாயும் விலக்கி உள்ளே தள்ளுகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று.

அயன்டோஃபோரெசிஸ் எனப்படும் இம்முறை, உள்ளங்கை, உள்ளங்கால்களில் மிகையாக வியர்ப்பதற்கான சிகிச்சையாக மருத்துவத்தில் நிலைபெற்றுள்ளது. அழகு நிலையங்களில் முகத்துக்கான சத்துக் கரைசல்களை ஏற்றவும் பயன்படுகிறது. இருப்பினும் லெதுக்கின் சோதனை ஒரு வரம்பையும் காட்டுகிறது. மின்னூட்டமுள்ள சிறு அயனிகளே இவ்வாறு எளிதில் தள்ளப்படும். கொலாஜன் போன்ற மிகப்பெரிய மூலக்கூறுகள் வெறும் மின்னோட்டத்தால் தோலைத் தாண்டிச் செல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

உயர் அதிர்வெண்ணும் ஊதாக்கதிர்க் கருவியும்

1890களின் தொடக்கத்தில் நிக்கோலா டெஸ்லா அமெரிக்காவிலும், அர்சேன் தார்சோன்வால் பிரான்சிலும் உயர் அதிர்வெண் மின்னோட்டங்களை ஆராய்ந்தனர். மின்னோட்டத்தின் திசை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும்போது நரம்பும் தசையும் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. எனவே தசை துடிப்பதில்லை, அதிர்ச்சியும் இல்லை, வெப்பம் மட்டுமே உண்டாகிறது என்று தார்சோன்வால் காட்டினார். மற்றொரு பிரெஞ்சு மருத்துவரான பால் ஊதென் இதற்கேற்ற சுருளை வடிவமைத்தார்.

இதிலிருந்து பிறந்ததே 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையான ஊதாக்கதிர்க் கருவி. பெரும்பகுதி காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கைப்பிடியில் செருகி முகத்தில் தேய்த்தால், குழாய் ஊதா நிறத்தில் ஒளிரும். தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே நுண்பொறிகள் தெறிக்கும். நியான் நிரப்பிய குழாய்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. முகத்துக்குக் காளான் வடிவிலும் தலைக்குச் சீப்பு வடிவிலும் குழாய்கள் இருந்தன.

இக்கருவி தோலின் மேற்பரப்பைச் சற்று வெதுவெதுப்பாக்கும். பொறிகளால் உண்டாகும் ஓசோன் மேற்பரப்பு நுண்கிருமிகளில் சிலவற்றைக் கொல்லும். முகப்பருவுள்ள தோலில் இன்றும் இது பயன்படுத்தப்படுவது இதனால்தான். ஆனால் அன்றைய விளம்பரங்கள் வழுக்கை, மூட்டுவலி, ஆஸ்துமா என எல்லாவற்றுக்கும் இதை மருந்தாகக் காட்டின. பெயரில் கதிர் இருந்தாலும், குறுகிய அலைநீளப் புறஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும்.

உயர் அதிர்வெண் தந்த வெப்பம் முடி நீக்கத்துக்கும் வந்தது. 1924இல் லியோன் நகரின் ஆன்றி போர்தியே, ஊசிமுனையில் காரத்துக்குப் பதிலாக வெப்பத்தை உண்டாக்கும் முறையை விவரித்தார். 1940களில் அமெரிக்காவில் இரு மின்னோட்டங்களையும் ஒரே ஊசியில் சேர்த்துச் செலுத்தும் கலப்பு முறை காப்புரிமை பெற்றது. இம்மூன்று முறைகளும் இன்றும் வழக்கில் உள்ளன.

எக்ஸ் கதிர் தந்த பாடம்

மின்கருவிகளின் அழகுப் பயன்பாட்டில் மிகப் பெரிய தீங்கு எக்ஸ் கதிரால் நேர்ந்தது. 1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த மறு ஆண்டே, வியன்னாவில் லியோபோல்டு ஃப்ராய்ண்டு முடி அடர்ந்த மச்சம் கொண்ட ஒரு சிறுமிக்கு அதைப் பயன்படுத்தினார். முடி உதிர்ந்தது; அந்த இடத்தில் ஆழமான புண்ணும் உண்டாயிற்று.

எச்சரிக்கை கண்முன் இருந்தும், 1920களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கெய்சர் என்ற மருத்துவர் ட்ரைக்கோ என்ற எக்ஸ் கதிர் முடிநீக்க முறையைப் பரப்பினார். அவரே கதிர்வீச்சுப் பாதிப்பால் விரல்களை இழந்தவர். கருவி அழகு நிலையங்களுக்கு வழங்கப்பட்டு, சுருக்கமான பயிற்சி பெற்றவர்களால் இயக்கப்பட்டது. ஊசியின் வலியின்றிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் ஏராளமான பெண்கள் நாடினர். தோல் சுருங்குதல், நிறம் திட்டுத்திட்டாக மாறுதல், ஆறாப் புண், புற்றுநோய் ஆகியவை பின்னரே வெளிப்பட்டன. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1929இல் இம்முறையைக் கண்டித்தது. தீங்கு தெரியப் பல ஆண்டுகள் ஆகும் சிகிச்சையில், உடனடியான நல்ல விளைவு பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதே இதன் பாடம்.

சட்டமும் கட்டுப்பாடும்

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டின் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 1938ஆம் ஆண்டின் சட்டமே ஒப்பனைப் பொருள்களையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தது. பொய்யான நோய்நீக்க உரிமைகோரல்களுக்காக ஊதாக்கதிர்க் கருவிகள் பறிமுதலாயின. 1949 முதல் விற்கப்பட்ட ரிலாக்சசைசர் என்ற தசைத் தூண்டல் கருவி சுமார் 4 லட்சம் பேரைச் சென்றடைந்த பின், 1970இல் அது ஆபத்தானது என நீதிமன்றம் தீர்ப்பளித்து விற்பனையைத் தடுத்தது. இதயநோய், வலிப்பு போன்றவை உள்ளவர்களுக்கு அது தீங்கானது என்பது முக்கியக் காரணம். கருவிகளைச் சந்தைக்கு வருமுன்னரே ஆராயும் ஏற்பாடு 1976இல் வந்தது.

மைக்ரோ கரண்ட் முதல் ரேடியோ அலைவரிசை வரை

1982இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் தோலில் மிகச் சிறு மின்னோட்டம் செலுத்தப்பட்டபோது, செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பலமடங்கு உயர்ந்தது. மின்னோட்டம் 1000 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டியபோது இந்தப் பயன் குறைந்தது. உணரக்கூட முடியாத அளவில் இயங்கும் மைக்ரோ கரண்ட் கருவிகளின் விளம்பரங்களில் இந்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் எலித்தோலில் செய்யப்பட்டது; மனித முகத்தின் சுருக்கங்களை அது அளக்கவில்லை.

2002ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. தோலின் அடியடுக்கை வெப்பப்படுத்தும் ரேடியோ அலைவரிசைக் கருவி கண்ணோரச் சுருக்கங்களுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது அவ்வாண்டில்தான். புருவ இடைக்கோடுகளுக்குப் போட்டாக்ஸ் ஊசி அனுமதி பெற்றதும் அதே ஆண்டில். போட்டாக்ஸ் தசையைத் தூண்டுவதில்லை, தளர்த்துகிறது. சுருக்கத்துக்குக் காரணம் தசையின் சுருங்கல் என்று துஷேனின் படங்கள் 140 ஆண்டுகளுக்கு முன் காட்டியதை இது உறுதி செய்தது.

பாதுகாப்பு

தமிழ்நாட்டின் அழகு நிலையங்களிலும் கால்வானிக் ஃபேஷியல், உயர் அதிர்வெண் சிகிச்சை ஆகியவை வழக்கமான சேவைகளாக உள்ளன. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், கருவுற்றவர்கள், வலிப்பு உள்ளவர்கள், உடலில் உலோகத் தகடு வைத்தவர்கள் ஆகியோருக்கு மின்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. வெட்டுக்காயமோ புண்ணோ உள்ள தோலிலும் செய்வதில்லை. எரிசாராயம் கலந்த திரவங்களைப் பூசிய முகத்தில் உயர் அதிர்வெண் கருவியைப் பயன்படுத்தினால் பொறியால் தீப்பற்றக்கூடும். கால்வானிக் கருவியைப் பயன்படுத்தும்போது மின்னோட்டத்தைப் படிப்படியாகவே கூட்டவும் குறைக்கவும் வேண்டும். தோலில் எரிச்சல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.