நகரமும் நீச்சற்குளமும்

புறநானூற்றுப் புலவர் ஒருவர், கோலூன்றித் தள்ளாடும் முதுமையிலே, தம் இளமைக் காலத்து நீர்விளையாட்டை நினைந்து ஏங்குகிறார். ஆழ்ந்த மடுவில் மூழ்கி அடிமணலை அள்ளி வந்த அந்த நாள் எங்கே போயிற்று என்பது அவர் ஏக்கம். நம்மில் மூத்தவர் பலர்க்கும் இந்த ஏக்கம் புதிதன்று. காவிரியிலோ தாமிரபரணியிலோ, ஊர்க்குளத்திலோ வயற்கிணற்றிலோ நீந்தக் கற்றவர்கள் நாம். அதற்கென்று வகுப்பு நடத்தியவர் இல்லை. கட்டணம் கேட்டவரும் இல்லை. மாமனோ அண்ணனோ முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். கையைக் காலை அடித்துக்கொண்டு கரையேறினோம்.

பிழைப்பை நாடி இப்பெருநகருக்கு வந்து காலனி வீடுகளில் குடியேறிய பின், நம் பிள்ளைகளுக்கு அந்த நீர் எட்டாததாகிவிட்டது. குழாயில் வரும் நீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் குளிக்கும் பிள்ளை எங்கே நீந்தும்? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. கிராமத்தை விட்டு மக்கள் நகரத்தில் வந்து குவிந்த எல்லா நாடுகளிலும் எழுந்த கேள்வியே இது. அதற்குச் சில நகரங்கள் விடை கண்ட கதையையும், கண்ட விடையைத் தவறவிட்ட கதையையும் சங்கத்தின் ஆண்டு விழா நாளில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

இவ்வரலாறு ஓர் ஏழைப் பெண்ணின் வீட்டிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1832ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்ப்பூலில் காலரா பரவியது. கிட்டி வில்கின்சன் என்னும் உழைப்பாளிப் பெண்ணின் வீட்டில் வெந்நீர் காய்ச்சும் கொப்பரை ஒன்று இருந்தது. அண்டை வீட்டார் தம் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் கொண்டுவந்து துவைத்துக்கொள்ள அவர் இடங்கொடுத்தார். நோய்க்கிருமி பற்றிய அறிவியல் வளராத காலம் அது. ஆயினும் தூய்மை உயிரைக் காக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவரும் அவரைப் போன்றோரும் காட்டிய வழியில், 1842ஆம் ஆண்டில் அந்நகரின் பிரெடரிக் தெருவில் பொதுக் குளியலகமும் சலவையகமும் திறக்கப்பட்டன. 1846ஆம் ஆண்டில் கிட்டி வில்கின்சனே அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில், பொதுக் குளியலகங்களை வரிப்பணத்தில் அமைத்துக்கொள்ள ஊராட்சி அமைப்புகளுக்கு உரிமை தரும் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. குளிப்பது அவரவர் பாடு என்றிருந்த நிலை மாறி, அது நகரத்தின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூயார்க் நகரத்துக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள் காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். 1870ஆம் ஆண்டு முதல் அந்நகரம் ஆற்றோரங்களில் மிதக்கும் குளியலகங்களை அமைத்தது. மரச் சட்டங்களால் ஆன அவற்றின் ஊடே ஆற்று நீரே ஓடும். நகரம் பெருகப் பெருகச் சாக்கடையும் அதே ஆற்றில் பெருகியது. குளிக்க வந்தவன் நோயுடன் திரும்பும் நிலை உண்டாயிற்று. 1895ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. 50,000 மக்களுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நகரமும் இலவசக் குளியலகம் அமைத்தே தீர வேண்டும் என்று அது விதித்தது. ஆயினும் உடலைக் கழுவ இடம் கிடைத்ததே தவிர, கோடை வெப்பத்தில் பிள்ளைகள் துள்ளி விளையாட நீர் கிடைக்கவில்லை. அவர்கள் துறைமுகத் தூண்களிலிருந்து அழுக்கு ஆற்றிலேயே குதித்தனர்.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி பல லட்சம் மக்களை வேலையற்றவர்களாக்கியது. அவர்களுக்கு வேலை தருவதற்காகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசு பொதுப்பணிகளுக்குப் பெரும்பொருள் ஒதுக்கியது. அதனை நகர மேயர் லா கார்டியாவும், 1934ஆம் ஆண்டில் பூங்காத் துறையின் தலைவரான ராபர்ட் மோசஸும் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1936ஆம் ஆண்டின் ஒரே கோடையில் 11 பெரிய நீச்சற்குளங்கள் அந்நகரில் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவாயிற்று. அவற்றுள் முதலாவது, ஏழைக் குடியேறிகள் மிகுந்த கீழ்க் கிழக்குப் பகுதியில் ஜூன் 24ஆம் நாள் திறக்கப்பட்டது. ஜூலை 2ஆம் நாள் திறக்கப்பட்ட அஸ்டோரியா குளத்தின் நீளம் 330 அடி. பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்கு அமெரிக்க நீச்சல் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள் அக்கோடையில் அங்கும் நடந்தன. ஜூலை 31ஆம் நாள் புரூக்ளின் பகுதியில் திறக்கப்பட்ட மக்காரன் குளம், ஒரே சமயத்தில் 6,800 பேருக்கு இடந்தரத்தக்கது.

குளத்தை வெட்டியதைக் காட்டிலும் அதனை நடத்த வகுத்த முறையே நாம் கருதத்தக்கது. நீந்துவதற்கு ஒரு குளம், உயரத்திலிருந்து பாய்வதற்கு வேறொரு குளம், குழந்தைகள் கணுக்காலளவு நீரில் விளையாட மற்றொரு குளம் எனப் பிரித்து அமைத்தனர். குளத்தில் இறங்கு முன் ஒவ்வொருவரும் உடலையும் காலையும் கழுவிக்கொள்ள வேண்டும். நீரை ஓயாமல் இறைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து மீண்டும் செலுத்தினர். அண்டை நகரான ஜெர்சி சிட்டியில் 1908ஆம் ஆண்டில் குடிநீரைத் தூய்மை செய்யப் பயன்பட்ட அதே மருந்து, இங்கே விளையாட்டு நீரையும் காத்தது. கோடை முடிந்ததும் கதவைப் பூட்டிவிடவில்லை. உடை மாற்றும் கூடங்கள் குளிர்காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களாயின. நீர் வற்றிய தொட்டிகள் பந்தாடும் களங்களாயின. நீச்சல் கற்பிக்கும் வகுப்புகளைப் பூங்காத் துறையே நடத்தியது. ஒரு கட்டடத்தை ஆண்டு முழுதும் மக்களுக்குப் பயன்படச் செய்யும் நிர்வாகத் திறமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டன்றோ?

ஆனால் நீரின் தூய்மையைக் காக்கத் தெரிந்த மனிதர், மனத்தின் தூய்மையைக் காக்கத் தவறினர். நியூயார்க்கில் நிறவேற்றுமையைச் சட்டம் வகுக்கவில்லை. ஆயினும் நீக்ரோ மக்கள் ஒரு குளத்திலும் வெள்ளையர் வேறு குளத்திலும் நீராடும் வழக்கம் பல பகுதிகளில் வேரூன்றியது. தெற்கு மாநிலங்களிலோ சட்டமே பிரித்து வைத்தது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் ஐந்து குளங்களை நடத்தி வந்தது. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. 1962ஆம் ஆண்டில் இப்பாகுபாடு செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. பூங்காக்களையும் விலங்குக் காட்சிசாலையையும் அனைவருக்கும் திறந்துவிட்ட அந்நகர மன்றம், நீச்சற்குளங்களை மட்டும் மூடிவிட்டது. ஒரே நீரில் இரு நிறத்தாரும் இறங்குவதைக் காண்பதைவிட, எவருமே நீந்தாதிருப்பது மேல் என்று அது கருதியது போலும். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எல்லார்க்கும் ஒருசேர மூடியதால் இதில் வேற்றுமை இல்லை என்று 1971ஆம் ஆண்டில் ஐவர் கூறினர், நால்வர் மறுத்தனர். கறுப்புப் பிள்ளையை வெளியே நிறுத்துவதற்காக வெள்ளைப் பிள்ளையின் நீரையும் வற்றடித்த கொடுமையை என்னென்பது!

இதைப் படித்து நாம் மற்றவர் நாட்டைப் பழித்துவிட்டுப் போக இயலாது. ஊர்க்குளத்தில் நீந்தக் கட்டணம் கேட்டவர் இல்லை என்று முன்னே எழுதினேன். குலம் கேட்டவர் இருந்தனர் என்பதையும் எழுதினால்தான் அது முழு உண்மையாகும். பொது நீர்நிலைகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியன என்று 1923ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாட் நகராட்சி தன் சௌதார் குளத்தை 1924ஆம் ஆண்டில் அவ்வாறே அறிவித்தது. ஆனால் அறிவிப்பு ஏட்டிலேயே நின்றது. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று, அக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். திரும்பிய மக்கள் தாக்கப்பட்டனர். பத்தாண்டுக் காலம் நீடித்த வழக்கு 1937ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அவர் பக்கம் முடிந்தது. நம் அரசியலமைப்பின் 15ஆம் விதி, கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றைத் தனித்துக் குறிப்பிட்டு, அவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மத வேற்றுமை கூடாது என்று விதித்திருப்பதன் பின்னே இத்தகைய போராட்டங்கள் இருக்கின்றன.

மக்காரன் குளத்தின் பிற்கதை மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1975ஆம் ஆண்டளவில் நியூயார்க் நகரத்தின் கருவூலம் வறண்டது. பூங்காக்களின் பராமரிப்புக் குன்றியது. 1984ஆம் ஆண்டில் மக்காரன் குளம் மூடப்பட்டது. அதனைச் செப்பனிட நகரம் முன்வந்தபோது, வேற்றுப் பகுதியினரும் வேற்று இனத்தவரும் வந்து கூடுவார்களே என்னும் அச்சத்தால் அக்கம்பக்கத்தார் சிலரே தடுத்தனர். ஒரு தலைமுறைக்கு மேலாக அது வெறுந்தொட்டியாய்க் கிடந்தது. இறுதியில் 5 கோடி டாலர் செலவிட்டு 2012ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தார்கள். கட்டி முடிக்கச் சில ஆண்டுகளே பிடித்த குளம், மூடிக் கிடந்ததோ 28 ஆண்டுகள்! 2022ஆம் ஆண்டுக் கோடையில் உயிர்காப்போர் போதாமையால், வெளிக்குளங்களில் நடக்க வேண்டிய நீச்சல் வகுப்புகளை அதே நகரம் கைவிட நேர்ந்தது. நீர் இருந்தது, குளம் இருந்தது, கரையில் நின்று காக்க ஆள் இல்லை.

ஆகவே பொது நீச்சற்குளம் என்பது சிமெண்டுத் தொட்டியும் தண்ணீரும் மட்டும் அன்று. நீரைத் தூய்மை செய்வோர், கரையில் விழித்திருப்போர், பிள்ளைகளுக்குக் கற்பிப்போர், ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவோர், வாயிலில் எவரையும் தடுக்காதோர் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்ததே குளம். இவர்களுள் ஒருவர் குறைந்தாலும் அது வெறும் பள்ளமே.

நீந்தத் தெரிவது ஆடம்பரம் என்று எண்ணுவோரும் உண்டு. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் செல்வம் குன்றிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் நம் பிள்ளை ஆற்றைக் கண்டதும் ஆசையால் இறங்கும். அந்த ஆற்றை நன்கறிந்த தாத்தாவின் பயிற்சி அதற்கு இல்லை. இதை எண்ணும் பெற்றோர் எவரும் நீச்சலை ஆடம்பரம் என்று சொல்லார்.

நகராட்சியிடம் நாம் சாலையும் விளக்கும் கேட்கிறோம், கேட்பது முறையே. அவற்றோடு, பிள்ளைகள் விளையாடப் பொதுவான இடமும், நீந்தக் கற்கப் பொதுவான நீரும் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கேட்கும்போது காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேளாமல், காலனிச் சுவருக்கு வெளியே குடிசையில் வாழும் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்போம். வேற்றூரில் வந்து இடம்பெற்று வாழும் நமக்கு, கதவு திறந்திருப்பதன் அருமை பிறரினும் நன்கு தெரியும். எல்லார்க்கும் பொதுவாக இருக்கும் வரைதான் நீர் வற்றாது என்பதே மேற்சொன்ன நகரங்களின் வரலாறு நமக்குக் கூறும் உண்மை.