கல்லறைகூட இல்லாத விமானி: 1942-ல் இலங்கைக் கடலில் மறைந்த ரே தாமஸ் யார்?

தண்டலம், ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடித்துவிட்டு பூந்தமல்லி வழியாக கிண்டி வருபவர்கள், நந்தம்பாக்கத்தில் அந்தப் புல்வெளியைப் பார்த்திருப்பார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். அதுதான் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த 856 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் உடலே கிடைக்காதவர்களுக்கு இப்படி ஒரு கல்கூட கிடையாது. அவர்களில் ஒருவர்தான் கனடா விமானப்படையின் 413-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஃப்ளைட் லெப்டினன்ட் ரே தாமஸ். அவர் ஓட்டியது ஒரு 'பறக்கும் படகு'.

பறக்கும் படகு என்றால் என்ன?

அடிப்பாகம் படகு போலவே இருக்கும் விமானம். ஓடுபாதை தேவையில்லை. ஏரியிலோ கடற்கழியிலோ இறங்கி, அங்கிருந்தே கிளம்பிவிடும். இலங்கையில் காலி நகருக்கு அருகே உள்ள கொக்கல கடற்கழியில் இருந்து பறந்தவை 'கேட்டலினா' ரகம். எரிபொருள் நிரப்பினால் 20 மணி நேரத்துக்கு மேல்கூட வானில் இருக்கும். அதனால் கடலைக் கண்காணிக்க இவற்றைத்தான் அனுப்பினார்கள்.

ஒரே பிரச்னை, வேகம். கேட்டலினா மணிக்கு 200 கி.மீ. அளவில்தான் ரோந்து போகும். ஜப்பானின் ஜீரோ போர் விமானமோ 500 கி.மீ.-க்கு மேல் பாயும். ஜீரோக்கள் துரத்தினால் தப்புவது ரொம்பக் கஷ்டம்.

ஏப்ரல் 4: முதல் எச்சரிக்கை

1942 ஏப்ரல் 4. அதே 413-வது ஸ்குவாட்ரனின் லெனார்ட் பர்ச்சால், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானின் பெரும் கடற்படையைப் பார்த்துவிட்டார். வயர்லெஸ்ஸில் தகவல் போய்க்கொண்டிருக்கும்போதே அவரது கேட்டலினா சுட்டு வீழ்த்தப்பட்டது. 9 பேரில் 3 பேர் இறந்தனர். பர்ச்சால் உட்பட 6 பேரை ஜப்பானியர்கள் சிறைபிடித்தனர்.

அந்தத் தகவலால் இலங்கை உஷாரானது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்டது. போர் முடிந்து விடுதலையான பர்ச்சால், 'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்று கொண்டாடப்பட்டார். 2004 வரை வாழ்ந்தார்.

ஏப்ரல் 9: திரும்பாத விமானம்

ஐந்தே நாளில் அதே வேலைக்குப் போனார் ரே தாமஸ். கூட வந்த விமானிக்கு என்ன ஆனது என்று தெரிந்தபிறகு, அதே கடலுக்குக் கிளம்பிய பயணம் அது. காலையில் அவரும் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டார். தகவல் அனுப்பினார். அத்தோடு சரி. அவரது கேட்டலினாவையும் ஜீரோக்கள் வீழ்த்தின. ஒருவர்கூட உயிர் பிழைக்கவில்லை.

அதே நாளில் திருகோணமலைத் துறைமுகம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. மட்டக்களப்பு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. 307 பேர் பலியானார்கள்.

சென்னைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஏப்ரல் 6-ம் தேதியே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்திருந்தன. 'அடுத்து நம்ம ஊர்தான்' என்ற பயத்தில் மெட்ராஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டுவீச்சில் தப்பி ஊருக்குள் வந்துவிடுமோ என்று, மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

அந்த ஜூலையிலேயே பறக்கும் படகுகள் நம் ஊருக்கும் வந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன், செங்குன்றம் ஏரியைத் தளமாக்கிக் கொண்டது. இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் அதே புழல் ஏரிதான். அங்கிருந்து கிளம்பிய கேட்டலினாக்கள் வங்கக் கடலைக் கண்காணித்தன.

எங்கே நினைவுகூரப்படுகிறார்கள்?

தெற்கு, கிழக்கு ஆசியப் போர்முனைகளில் இறந்து, கல்லறை இல்லாமல் போன காமன்வெல்த் விமானப்படையினருக்கு சிங்கப்பூரின் கிராஞ்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

பர்ச்சாலும் தாமஸும் செய்தது ஒரே வேலை. எதிரியைப் பார்த்தால் தப்பி ஓடாமல், முதலில் தகவல் சொல்வது. உயிரோடு திரும்பியவர் தன் கதையைத் தானே சொன்னார். திரும்பாதவரின் கதையை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.